ராயபுரத்திலிருந்து அரண்மனைக்காரன் தெருவுக்கு 13 செவ்வாய்க்கிழமைகள்

19 வருஷம் என் கழுத்தில் ஓர் அட்டை தொங்கியது. கஸ்டம்ஸில் கொடுக்கிற ஜி கார்டு. தம்புச் செட்டித் தெருவில், துறைமுகச் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் கம்பெனியில் வேலை. இந்தக் கம்பெனியின் சார்பில் சுங்கத்தில் கையெழுத்துப் போட இவருக்கு அதிகாரம் உண்டு என்று அந்த அட்டை சொல்லும். பரீட்சை எழுதி வாங்கியது. ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸ் வாசலில் நிற்கும் காவலர் முதல் டீக்கடை அண்ணன் வரை எல்லோரும் 'பீட்டர் சார்' என்று கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிட்டது என்னையா, அட்டையையா என்று யோசிக்க வேண்டிய தேவையே வந்ததில்லை.

வேலையை விட்டால் அந்த அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். போன வருஷம் கொடுத்தேன்.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. 2020 ஜூனில் ஃபேஸ்லெஸ் அசெஸ்மென்ட் முதலில் தொடங்கியதே சென்னையிலும் பெங்களூரிலும்தான். நம் துறைமுகத்தில் இறங்கிய சரக்கின் பில் ஆஃப் என்ட்ரியை, அதாவது இறக்குமதிச் சரக்கு விவரப் படிவத்தை, எங்கோ வேறு ஊரில் இருக்கும் அதிகாரி கம்ப்யூட்டரில் பார்த்து முடித்துவிடுவார். ஃபைலைத் தூக்கிக்கொண்டு மேஜை மேஜையாக நடந்து, சரக்கு இன்னது, வரி இவ்வளவு என்று பேசிப் புரியவைப்பதுதான் எங்களைப் போன்றவர்களின் வேலை. அந்த நடை குறைந்தது, ஆளும் குறைந்தார்கள். என் முறை வந்தது.

சம்பளம் நின்றதைக்கூடச் சமாளித்துவிட்டேன், மனைவி தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். என்னால் தாங்க முடியாமல் போனது வேறு. கல்மண்டபம் மார்க்கெட்டில் யாராவது "என்ன சார், ஆபீஸ் எப்படிப் போகுது?" என்று கேட்டால், "போகுது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பின் வரிசையில் நின்று, கடைசி ஆசீர்வாதம் முடிவதற்கு முன்பே வெளியே வந்துவிடுவேன். கையில் எதுவும் இல்லாத ஓர் ஆளாக யார் முன்னாலும் நிற்க முடியவில்லை.

மனைவிதான் சொன்னாள். "அந்தோணியார்கிட்ட 13 செவ்வாய் நேர்ந்துக்குங்க. வேலை வேணும்னு கேக்காதீங்க. காணாமப் போனதைக் கண்டுபிடிச்சுக் குடுங்கன்னு மட்டும் கேளுங்க. எது காணாமப் போச்சுன்னு அவருக்குத் தெரியும்."

சரி என்று அரண்மனைக்காரன் தெரு அந்தோணியார் கோவிலுக்குக் கிளம்பினேன். நடந்தே போவது என்று முடிவு. பஸ்ஸுக்குக் காசில்லாமல் இல்லை. 19 வருஷம் அவசரமாகக் கடந்த வழியை ஒருமுறை காலால் அளந்து போக வேண்டும் என்று தோன்றியது.

நாங்கள் சேர்ந்த பங்குக் கோவில் இராயப்பர் கோவில், மேற்கு மாதா கோவில் தெருவில் இருக்கிறது. தமிழ்க் கத்தோலிக்கர்கள் பேதுருவை இராயப்பர் என்றுதான் சொல்லி வந்தோம். ராயபுரம் என்று ஊருக்குப் பெயர் வந்ததே அவரால்தான். சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் நடுக்கடலில் நிற்கும். அங்கிருந்து கரைக்கு ஆளையும் சரக்கையும் மசூலா படகில்தான் கொண்டுவர வேண்டும். ஆணி அடிக்காமல், பலகையைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்த படகு. அலை அடித்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும். அந்தப் படகுக்காரர்கள் கட்டிய கோவில் இது. கப்பலிலிருந்து சரக்கை இறக்கிக் கரை சேர்த்தவர்கள் என்றால் என் தொழிலுக்கு மூத்தவர்கள்தானே. இத்தனை வருஷம் இங்கே முழங்காலில் நின்றும் இது எனக்கு உறைக்கவில்லை.

கோவில் வாசலில் சிலுவை போட்டுக்கொண்டு காலை ஆறரைக்குப் புறப்படுவேன். கல்மண்டபம் தாண்டி, எம்.சி. ரோட்டில் துணிக்கடைகள் ஷட்டர் தூக்குவதற்கு முன்பே போய்விடலாம். பழைய ஜெயில் ரோட்டுப் பக்கம் மாடிப் பூங்கா. அது பழைய மதராஸின் கோட்டை மதில். 1758-59இல் பிரெஞ்சுக்காரர்கள் முற்றுகை போட்ட பிறகு, ஊருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று கட்டினார்கள். அதற்காக மக்களிடம் கேட்ட வரிதான் இன்றைக்கும் வால்டாக்ஸ் ரோடு என்ற பெயரில் நிற்கிறது. மதிலில் பெரும்பகுதி போய்விட்டது, மிச்சத்தின் மேல் புல் முளைத்துப் பூங்காவாகிவிட்டது. மூன்றாவது செவ்வாயன்று கால் வலிக்க அங்கே உட்கார்ந்தபோது மாதச் சம்பளம், பி.எஃப்., ஜி கார்டு என்று நான் கட்டி வைத்திருந்த மதில் ஞாபகம் வந்தது. அழுகை வந்தது. வெட்கப்படாமல் எழுதுகிறேன், நன்றாகவே அழுதேன்.

அப்புறம் மண்ணடி. பள்ளிவாசலிலிருந்து வருகிறவர்கள், இரும்புக்கடை வண்டிகள், காளிகாம்பாள் கோவிலுக்குப் பூ வாங்குகிறவர்கள். அதைத் தாண்டினால் ஆர்மேனியன் தெரு. அந்தத் தெருவுக்கு அரண்மனைக்காரன் தெரு என்றே தமிழில் பெயர். அங்கே அரண்மனை ஏதும் இல்லை. ஆர்மேனியன் என்ற சொல் நம் வாயில் அரண்மனைக்காரன் ஆகிவிட்டது. 1772இல் கட்டிய ஆர்மேனியக் கோவில் இன்றும் இருக்கிறது. அதன் முற்றத்தில் கல்லறைக் கற்களின் மேல்தான் நடக்க வேண்டும். பெரிய பெரிய வியாபாரிகள். அவர்கள் எழுத்தை வாசிக்க இப்போது ஊரில் ஆள் கிடைப்பது அரிது.

பக்கத்திலேயே தூய மரியன்னை இணைப் பேராலயம். ஊருக்கெல்லாம் அது அந்தோணியார் கோவில். 1886இல் உருவான மதராஸ் உயர் மறைமாவட்டத்துக்கு இதுதான் பேராலயம், பேராயரின் தலைமைக் கோவில். 1952இல் மயிலாப்பூருடன் இணைத்தபோது பேராலயம் என்ற இடம் சாந்தோமுக்குப் போனது, இது இணைப் பேராலயமானது. ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை வந்து பாருங்கள். பட்டம் போன இடமாகவா இருக்கிறது? வாசலுக்கு வெளியே வரை வரிசை. நெற்றியில் குங்குமம் வைத்த அம்மாக்கள், புர்கா போட்ட அக்காக்கள், ஐகோர்ட்டுக்குப் போகிற வழியில் கருப்புக் கோட்டோடு வரும் வக்கீல்கள், பூக்கடையில் மூட்டை இறக்கிவிட்டு வேர்வை காயாமல் வருகிறவர்கள். மெழுகுதிரி வெப்பம் முகத்தில் அடிக்கும். யாரும் யாரையும் யார் என்று கேட்பதில்லை.

அந்தோணியாரை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். பழுப்பு அங்கி, கையில் குழந்தை இயேசு, லீலி மலர். சாவி காணவில்லை என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவோம். இந்த 13 வாரத்தில்தான் அவர் வாழ்க்கையை உட்கார்ந்து படித்தேன். 1195இல் லிஸ்பனில் பிறந்தவர், பதுவை அந்தோணியார் என்று சொல்கிறோமே தவிர இத்தாலியின் பதுவை ஊர்க்காரரே இல்லை. அந்தோணி என்பது அவருக்கு வைத்த பெயரும் இல்லை. ஞானஸ்நானப் பெயர் ஃபெர்னாண்டோ. அகுஸ்தீன் சபையில் படித்த பெரிய அறிவாளி. 1220இல் மொராக்கோவில் கொல்லப்பட்ட பிரான்சிஸ்கன் துறவிகளின் உடல்களைப் பார்த்து, தானும் அவர்களைப் போல உயிரைக் கொடுக்க வேண்டும் என்று அந்த ஏழைச் சபையில் சேர்ந்து பெயரை மாற்றிக்கொண்டார். மொராக்கோவுக்குப் போனார். போன இடத்தில் காய்ச்சலில் விழுந்தார். திரும்பி வந்த கப்பலைப் புயல் அடித்து இத்தாலியில் சிசிலியில் ஒதுக்கியது. அவருடைய படிப்பு அங்கே ஒருவருக்கும் தெரியாது. ஃபோர்லி பக்கம் ஒரு மலை மடத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டு இருந்தார். ஒருநாள் பிரசங்கம் வைக்க ஆள் இல்லாமல், நீ பேசு என்றபோதுதான் அவர் யார் என்று தெரிந்தது.

எல்லோரும் அந்தப் பிரசங்கத்தைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பாத்திரம் கழுவிய மாதங்கள்தான் பெரிது. நினைத்தது நடக்கவில்லை, போக நினைத்த இடம் அது இல்லை, தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அப்போதும் அவர் கடவுளுக்குச் சொந்தமானவர்தான். பேசுவதற்கு முன்னாலும் அவர் அந்தோணியார்தான்.

ஒன்பதாவது செவ்வாய்க்கும் பத்தாவது செவ்வாய்க்கும் நடுவில் ஒன்று நடந்தது. மகளுக்குக் கல்லூரி விண்ணப்பத்தோடு ஞானஸ்நான சர்ட்டிபிகேட் வைக்க வேண்டும். எங்கள் கோவில் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருக்கும் தம்பி அவளுடைய வருஷத்துப் பதிவேட்டை எடுத்து எழுதிக் கொடுத்தார். கிளம்பும்போது ஏதோ தோன்ற, "தம்பி, என்னுடையதும் இங்கேதானே இருக்கும்?" என்றேன். வருஷம் கேட்டார். பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து தூசி தட்டி ஒரு பெரிய புத்தகத்தை எடுத்தார். அட்டையின் ஓரம் தேய்ந்து நூல் வெளியே தெரிந்தது. பக்கங்கள் டீ நிறத்துக்கு வந்திருந்தன. அவர் விரல் வரிசையாக இறங்கி ஓர் இடத்தில் நின்றது.

ராயப்பன்.

பீட்டர் பள்ளிக்கூடத்தில் எழுதிய பெயர். ராயப்பன் ஆயா வைத்தது. அவள் இறந்த பிறகு அந்தப் பெயரைச் சொல்லி யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. நீல மை கொஞ்சம் ஊறிப் படர்ந்திருந்தது. பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி, நைனா பெயர், அம்மா பெயர், ஞானத்தகப்பன், ஞானத்தாய், ஓரத்தில் சாமியாரின் சாய்ந்த கையெழுத்து. பக்கத்துக் கட்டத்தில், பல வருஷம் கழித்து வேறு மையில், என் கல்யாணம். அவ்வளவுதான். வேலை என்ன என்று ஒரு கட்டம் அந்தப் பக்கத்தில் இல்லை.

"இதை அடிக்கவே மாட்டாங்களா?" என்று கேட்டேன். அந்தத் தம்பி நிமிர்ந்து பார்த்தார். "ஞானஸ்நானத்தை எப்படிண்ணே அடிக்கிறது?"

திருச்சபை சொல்வதும் அதைத்தான். ஞானஸ்நானம் ஒருமுறைதான். அது ஆன்மாவில் அழியாத முத்திரை. மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்து ஒப்பித்த வரி. ஒப்பித்த பையனுக்கு அதன் எடை தெரியாது. பேசவும் தெரியாத வயதில், ஒன்றும் சம்பாதிக்காத, ஒன்றும் சாதிக்காத என்னை ஒருவர் தூக்கிப் பிடிக்க, தண்ணீர் ஊற்றி, நீ என்னுடையவன் என்று கடவுள் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு வந்தவைதான் படிப்பும், அட்டையும், சாரும். எசாயா 43இல் இருக்கிறதே, "உன் பெயரைச் சொல்லி உன்னை அழைத்தேன், நீ எனக்கு உரியவன்" என்று. அந்த நீல மை வரிக்கு முன்னால் நின்றபோது அந்த வசனம் எனக்கு எழுதிய கடிதம் மாதிரி இருந்தது.

அன்று கோவிலுக்குள் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இராயப்பரை நினைத்துக்கொண்டேன். கரி நெருப்பில் குளிர் காய்ந்துகொண்டு, அவரை எனக்குத் தெரியாது என்று மூன்று முறை சொன்னவர். இயேசு உயிர்த்த பிறகும் என்ன செய்வதென்று தெரியாமல் பழைய தொழிலுக்கே, மீன் பிடிக்கப் போனவர். ராத்திரி முழுக்க ஒன்றும் கிடைக்கவில்லை. விடியற்காலையில் கரையில் இயேசு நிற்கிறார், அங்கேயும் கரி நெருப்பு, அதன்மேல் மீன். வலையில் 153 மீன் என்று யோவான் கணக்கோடு எழுதுகிறார். சரக்கை எண்ணி டாலி எடுத்துப் பழகிய எனக்கு அந்த எண் எப்போதும் பிடிக்கும். சாப்பாடு முடிந்ததும் இயேசு இராயப்பரிடம் ஏன் மறுதலித்தாய், இனி என்ன செய்யப்போகிறாய் என்றெல்லாம் கேட்கவில்லை. யோவானின் மகன் சீமோனே என்று அப்பா பேர் சொல்லிக் கூப்பிட்டு, என்மேல் உனக்கு அன்பு இருக்கிறதா என்று கேட்கிறார். மூன்று முறையும் அதே கேள்வி. காசிமேட்டில் விடியற்காலை மீன் படகுகள் வரும் நேரத்தில் போய் நின்றால் அந்தக் காட்சி கண்ணுக்கு முன்னால் வரும்.

பத்தாவது செவ்வாயிலிருந்து நடையே மாறிவிட்டது. வேகம் எல்லாம் கூடவில்லை. தெரிந்தவர்கள் எதிரில் வந்தால் எதிர்ப் பக்கத்து நடைபாதைக்குத் தாவுவதை நிறுத்திவிட்டேன். தம்புச் செட்டித் தெருவில் பழைய கூட்டாளி ஒருவரைப் பார்த்து, நானே போய்த் தோளைத் தொட்டுப் பேசினேன்.

13வது செவ்வாயன்று மழை. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மா கொருக்குப்பேட்டையிலிருந்து வந்திருந்தார். கையில் இரண்டு பன். வேண்டுதல் நிறைவேறினால் ரொட்டி வாங்கிக் கொடுப்பது அந்தோணியார் பக்தர்களுக்கு வழக்கம். மகனுக்கு உடம்பு சரியாகிவிட்டது என்றார். கொஞ்ச நேரம் கழித்து, பேச்சுவாக்கில், "நீங்க எங்கப்பா வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார்.

"இப்ப வேலை இல்லம்மா. தேடிக்கிட்டு இருக்கேன். ராயபுரம், இராயப்பர் கோவில் பங்கு. என் பேரும் ராயப்பன்தான்."

அவர் குடையை என் பக்கம் கொஞ்சம் சாய்த்தார். ஒரு பன்னை எடுத்து என் கையில் வைத்து, "சாப்டு ராயப்பா" என்றார்.