நட்டஈட்டை நாம்தான் கேட்க வேண்டும்

தம்பியை ருமேனியாவுக்கு அனுப்புவதாகச் சொல்லி ஒருவர் எங்களிடம் 650,000 ரூபாய் வாங்கினார். அதற்காக அக்காவின் நகைகள் வங்கியில் அடகுக்குப் போயின. விசா வரவில்லை, ஆளும் போனை எடுக்கவில்லை. மட்டக்களப்பு வாவியின் இரு பக்கத்திலும், படுவான்கரையிலும் எழுவான்கரையிலும், இந்தக் கதை தெரியாத வீடு குறைவு, அதனால் அதை நீட்டவில்லை. காசு எப்படித் திரும்பியது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதைச் சொல்கிறேன்.

பொலிஸில் முறைப்பாடு கொடுக்கப் போனபோது முதலில் கிடைத்த பதில், "இது கொடுக்கல் வாங்கல், சிவில் விஷயம். மாவட்ட நீதிமன்றத்துக்குப் போங்க." இதைக் கேட்டுத் திரும்பி வந்தவர்கள் எங்கள் ஊரிலேயே பலர். கடன் வாங்கித் திருப்பித் தராமல் இருப்பது சிவில்தான். ஆனால் தொடக்கத்திலேயே பொய் சொல்லிக் காசை எடுத்தால் அது ஏமாற்றுதல், இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 400, 403ஆம் பிரிவுகளில் வருகிற குற்றம். அந்தப் பொய் எங்கே என்று காட்ட வேண்டியது நம் பாடு. எங்கள் கையில் இருந்தது ஒரு வட்ஸ்அப் செய்தி. தன்னுடைய அனுமதிப்பத்திர இலக்கம் என்று அவர் ஒன்றை அனுப்பியிருந்தார். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் இணையத்தளத்தில் தேடினால் அப்படியொரு இலக்கமே இல்லை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பது 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பணியகச் சட்டத்தின்படி தனிக் குற்றம். அந்தத் திரையைப் பொறுப்பதிகாரியிடம் காட்டிய பிறகு 'சிவில்' என்ற பேச்சே எழவில்லை. முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் எழுதி வாங்கிக்கொண்டோம். பின்னாளில் எந்தக் கந்தோருக்குப் போனாலும் முதலில் கேட்டது அதைத்தான்.

ஆளைப் பிடித்து, விளக்கமறியலில் வைத்து, பிணையில் விட்டு, தவணை தவணையாக வழக்கு இழுபட்டது. அது எல்லா வழக்கிலும் நடப்பதுதான்.

மட்டக்களப்பில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போனது நல்லதாகப் போயிற்று. வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே இலவசமாகப் பார்ப்பார்கள். அங்கிருந்த சட்டத்தரணி அம்மா முதல் நாளே சொன்னார்: "தம்பி, இந்த வழக்கு அரசாங்கம் போட்டது. நீங்க அதில சாட்சி. அவருக்குத் தண்டனை கிடைச்சாலும் உங்கட காசு தானா வராது. கேக்கணும்." குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம், அதன் 17(4)ஆம் பிரிவு. குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கும்படி குற்றவாளிக்கு நீதிமன்றம் கட்டளை இடலாம், காலக்கெடுவும் தவணைப் பணமும் விதிக்கலாம் என்று அதில் இருக்கிறது. 'இடலாம்' என்றுதான், 'இட வேண்டும்' என்று இல்லை. குற்றம் நிரூபணமான பிறகு, தண்டனை விதிக்க முன்னர், நமக்கு நேர்ந்த பாதிப்பைச் சொல்லும் உரிமை தனியாக உண்டு. அது பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் சட்டத்தில் வருகிறது, இப்போது நடைமுறையில் இருப்பது 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம்.

சரி, எவ்வளவு என்று கேட்பது? இதில்தான் எங்களுக்கு அதிக நேரம் போனது. அக்காவும் நானும் மேசையில் எல்லாவற்றையும் பரப்பிவைத்து ஒரே ஒரு தாளில் எழுதினோம்: என்ன செலவு, எந்தத் திகதி, எவ்வளவு, அதற்கு என்ன அத்தாட்சி. வங்கி மூலம் அனுப்பிய 450,000 ரூபாயில் சிக்கல் இல்லை. கணக்குக் கூற்றை எடுத்துக் கிளையில் முத்திரை வாங்கினோம். இயந்திரம் தருகிற சிலிப்பை மட்டும் நம்பி இருக்காதீர்கள், எங்களுடையது வழக்கு முடிவதற்குள் வெள்ளைத் தாளாகிவிட்டது. கையில் கொடுத்த 200,000 ரூபாய்க்குத்தான் மூச்சு வாங்கியது. நல்ல காலம், அம்மா விடாப்பிடியாக நின்று பால்காரக் கணக்குக் கொப்பியில் அவரிடம் ஒரு கையெழுத்து வாங்கியிருந்தார். கொப்பியின் அந்தப் பக்கத்தில் மேலே 'பால் 3 போத்தல்', கீழே 'ரெண்டு லட்சம் கிடைத்தது'. நீதிமன்றில் அதுவும் ஏறியது. மருத்துவப் பரிசோதனைப் பற்றுச்சீட்டு, கொழும்புக்குப் போய்வந்த செலவு, அடகு வட்டி எல்லாவற்றையும் அடியில் சேர்த்தோம்.

இடையில் காசு வாங்கியவருடைய மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தார். பாதியை இப்போதே தருகிறோம், வழக்கை விட்டுவிடுங்கள் என்றார். காசு தருவது நல்லது, நீதிமன்றத்தில் வைத்துத் தாருங்கள் என்று சொல்லி அனுப்பினோம். வீட்டுத் திண்ணையில் வாங்கும் காசு எந்தப் பதிவிலும் ஏறாது, மிச்சம் வருமென்பதற்கும் உத்தரவாதம் இல்லை. என்னைக் கேட்டால் அதை ஒருபோதும் வாங்கக் கூடாது.

கடைசியில் ஒரு தவணையன்று அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒப்புக்கொண்டால் அன்றே தண்டனை, அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிடுவார்கள். அதற்குள் எங்கள் சட்டத்தரணி எழுந்து, பாதிக்கப்பட்டவர் மன்றில் இருக்கிறார், இழப்பு விவரம் இது என்று தாளை நீட்டினார். வழக்கை நடத்திய பொலிஸ் அலுவலரிடமும் ஒரு பிரதி முதலே கொடுத்திருந்தோம், அவரும் ஆட்சேபிக்கவில்லை. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி, தன் கட்சிக்காரர் பிள்ளைகுட்டிக்காரர், வசதியில்லை என்றார். நீதவான் கொப்பியின் அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் அக்காவிடம், "இதில் உள்ள கையெழுத்து யாருடையது?" என்று மட்டும் கேட்டார். ஒத்திவைத்த சிறைத்தண்டனை (மறுபடி குற்றம் செய்தால்தான் உள்ளே போக வேண்டும்), அதோடு முழுத் தொகையையும் மருத்துவப் பரிசோதனைச் செலவையும் தவணை முறையில் செலுத்தும்படி கட்டளை. வட்டியும் கொழும்புச் செலவும் கிடைக்கவில்லை. நாங்கள் போகாமல் இருந்திருந்தால் அந்த ஒத்திவைத்த தண்டனையோடு ஆள் வீட்டுக்குப் போயிருப்பார்.

முதல் தவணைப் பணம் ஒழுங்காக வந்தது. திறந்த மன்றில் எண்ணி வாங்கி, வழக்கேட்டில் கையெழுத்து வைப்போம். பிறகு ஒருமுறை அவர் வரவில்லை. சட்டத்தரணி வழக்கைக் கூப்பிடும்படி மன்றைக் கேட்டு நகர்த்தல் பத்திரம் போட்டார், பிடியாணை போனது, அடுத்த வாரமே காசோடு வந்து நின்றார். வசதியில்லாதவருக்கு அந்தக் காசு எங்கிருந்து வந்ததோ தெரியாது.

குற்றவியல் வழக்கில் நட்டஈடு வாங்கியவர் மிச்ச இழப்புக்கு மாவட்ட நீதிமன்றம் போகலாம், கிடைத்ததைக் கழித்துப் பார்ப்பார்கள். ஆனால் குற்றவியல் வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தால் காலம் நிற்காது. சிவில் வழக்குப் போட, எழுத்தில் உள்ள ஒப்பந்தத்துக்கு 6 வருடம், வாய்ப்பேச்சுக்கு 3 வருடம். எங்கள் சட்டத்தரணி அதை நாட்காட்டியில் குறித்துவைக்கச் சொன்னார். அடகு வட்டிக்காக இன்னொரு வழக்கா என்று அக்கா இன்னும் யோசிக்கிறார். தம்பி வேண்டாம் என்கிறான். நகைகளில் பாதியை மீட்டாயிற்று.