பீச்சம் மாத்திரையை உருட்டிப் பார்த்தேன்

பழைய பத்திரிகைகளில் வந்த மருந்து விளம்பரங்களைச் சேர்த்து வைப்பது கொஞ்ச காலமாகவே என் பொழுதுபோக்கு. அமிர்தாஞ்சனம், டோங்கரே பாலாமிருதம், ஜாம்நகர் ஆதங்க நிக்ரஹ மாத்திரை, உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டர் என்று கோப்பு பெருத்துக்கொண்டே போகிறது. இத்தனையையும் படித்த பிறகு ஓர் ஆசை வந்தது. இவற்றில் ஒன்றையாவது நாமே செய்து பார்த்தால் என்ன? மருந்து, டப்பி, லேபிள், விளம்பரம் எல்லாம் சேர்த்து.

எதைச் செய்வது என்று ரொம்ப யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பெரும்பாலான கம்பெனிகள் உள்ளே என்ன சரக்கு என்று மூச்சே விட்டதில்லை. டாக்டர் காலிஸ் பிரௌனின் குளோரோடைனில் என்ன இருந்தது என்று தெரியும். 1848-இல் இந்தியாவில் பட்டாள டாக்டராக இருந்தபோது காலராவுக்கென்று அவர் கலந்த மருந்து அது. அபின் டிங்சர், குளோரோஃபார்ம், கஞ்சா. அதைக் கலக்கப் போனால் மருந்து வருமோ வராதோ, போலீஸ் வரும். ஆக, பீச்சம் மாத்திரையை எடுத்துக்கொண்டேன்.

ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் ஆடு மேய்த்து வளர்ந்த தாமஸ் பீச்சம் சந்தைகளில் கூவிக் கூவி விற்ற பேதி மாத்திரை இது. 1859-இல் செயின்ட் ஹெலன்ஸ் என்ற ஊருக்குக் குடிவந்தார், அங்கிருந்து அது பிரிட்டிஷ் கொடி பறந்த இடமெல்லாம் போயிற்று. இங்குள்ள ஆங்கிலப் பத்திரிகைகளிலும் விளம்பரம் வந்தது. 'டப்பி ஒரு கினி பெறும்' என்பது அவர்கள் கோஷம். ஒரு கினி என்றால் 21 ஷில்லிங். விற்றது 1 ஷில்லிங் ஒன்றரை பென்ஸுக்கு. அதிலும் அந்த ஒன்றரை பென்ஸ் அரசாங்க முத்திரை வரி. டப்பியைச் சுற்றி சர்க்கார் ஸ்டாம்பு ஒட்டியிருந்ததால், சர்க்காரே உத்தரவாதம் கொடுத்த மருந்து என்று ஜனங்கள் நம்பினார்கள். வரி கட்டியதே விளம்பரமாகிவிட்டது. அந்த வரி 1783-இல் தொடங்கி 1941 வரை இருந்தது.

பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் இப்படிப்பட்ட மருந்துகளைக் கடையில் வாங்கி, பகுத்துப் பார்த்து, 1909-இல் புத்தகமாகவே போட்டது. அதன்படி ஒரு பீச்சம் மாத்திரையின் எடை ஏறக்குறைய ஒன்றேகால் கிரெயின் (ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம்). கற்றாழையிலிருந்து எடுக்கும் கரியபோளம் அரை கிரெயின், சுக்குத்தூள் அரைக்குச் சற்று மேல், சோப்புத்தூள் 0.18 கிரெயின். வேறு மருந்துச் சரக்கு எதுவும் இல்லை. ஒரு டப்பிக்கு 56 மாத்திரை. கணக்குப் போட்டால் கரியபோளம் 1.8 கிராம், சுக்கு 2 கிராம், சோப்பு முக்கால் கிராமுக்கும் குறைவு. மொத்தமே நாலரை கிராம்!

நாட்டு மருந்துக்கடையில் கரியபோளம் கேட்டதும் கடைக்காரர், "சுளுக்காம்மா? முட்டை வெள்ளைக்கருவில் குழைச்சுப் பற்றுப் போடுங்க" என்றார். "பற்றுக்கு இல்லை அண்ணாச்சி, மாத்திரை உருட்டணும்" என்றேன். நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். "வயிறு பிச்சுக்கும், பார்த்துக்கோங்க" என்று சொல்லிப் பொட்டலத்தைக் கட்டினார். 

கரியபோளம் என்பது கற்றாழைப் பாலைக் காய்ச்சி இறுக்கியது. உடைத்தால் கண்ணாடிச் சில்லு போலப் பளபளவென்று உடையும். காலை வெயில் ஏறுவதற்குள் இடித்துவிட வேண்டும். சூடு பட்டால் உலக்கையோடு ஒட்டிக்கொள்ளும். சிறிய கல்வத்தில் அதை இடித்துச் சலித்து, சுக்குத்தூளைச் சேர்த்தேன். சோப்புக்கு வாசனை இல்லாத ஆலிவ் எண்ணெய்க் கட்டியைச் சீவிக் காயவைத்துப் பொடித்துக்கொண்டேன். நகை எடை போடும் சின்னத் தராசு இல்லாமல் இந்த வேலை நடக்காது. பொடி மூன்றையும் கலந்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பிசைந்தேன். இரண்டு சொட்டு குறைந்தால் உதிர்கிறது, ஒரு சொட்டு கூடினால் களியாகிறது. சோப்பு எதற்கு என்பது அப்போதுதான் கையில் தெரிந்தது. பிசின் மாதிரி ஒட்டும் கரியபோளத்தை அதுதான் உருட்டுகிற பதத்துக்குக் கொண்டுவருகிறது.

கலவையைத் திரி மாதிரி நீட்டி, ஸ்கேல் வைத்துச் சமமாக வெட்டி, மிளகளவு உருட்டி, நிழலில் உலர்த்தினேன். நம் வைத்திய நூல்களிலும் இதேதான் பக்குவம். கரும்பழுப்பு நிறம், சுக்கு வாசனை. ஒன்றை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன். அந்தக் கசப்பு காபி குடித்தும் போகவில்லை. விழுங்கவில்லை, யாரும் விழுங்கவும் வேண்டாம். கரியபோளம் கடுமையான பேதி மருந்து. கர்ப்பிணிகள் அந்தப் பக்கமே போகக்கூடாது.

அடுத்து செலவு. 56 மாத்திரையின் சரக்குக்கு அரை ஃபார்திங் ஆகியிருக்கும் என்று 1909 கணக்கு. ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், ஒரு பென்ஸுக்கு நான்கு ஃபார்திங். அப்படியானால் விற்ற விலை சரக்கின் விலையைப் போல 108 மடங்கு. என் கணக்கிலும் சரக்குக்கு ஆனது சில்லறைதான். மூங்கில் சிமிழுக்கும் லேபிள் காகிதத்துக்கும் அதைவிடப் பல மடங்கு ஆயிற்று. மாத்திரை ஒரு காலை வேலை. மிச்ச நாளெல்லாம் விளம்பரத்துக்குத்தான் போயிற்று.

என் டப்பியில் பீச்சம் பெயரைப் போட விரும்பவில்லை. அந்தக் காலத்தில் மதராஸில் ஒருவர் இதையே உருட்டியிருந்தால் எப்படி விற்றிருப்பார் என்று எழுதிப் பார்த்தேன். கோப்பில் இருந்த விளம்பரங்களின் நடை காதில் ஏறியிருந்ததால் முதல் வரி தானாக வந்தது:

"ஸ்ரீ சர்வஜன சஞ்சீவிக் குளிகை. மலபந்தம், பித்த மயக்கம், தலைக்கிறுகிறுப்பு, அஜீரணம், துர்ச்சொப்பனம் முதலிய சகல வியாதிகளையும் வேரோடு களையும் கைகண்ட ஔஷதம். பத்தியமில்லை. ஸ்திரீ புருஷர் யாவரும் உட்கொள்ளலாம். போலிகளைக் கண்டு மோசம் போகாதீர்கள். 56 குளிகை கொண்ட டப்பி 1-க்கு அணா 8. வி.பி. சார்ஜ் பிரத்தியேகம்."

துர்ச்சொப்பனம் நான் சேர்த்த நகைச்சுவை இல்லை. பீச்சம் விளம்பரத்திலேயே பயங்கரக் கனவுகளுக்கும் இந்த மாத்திரை கேட்கும் என்று இருக்கிறது. கவனித்தால், மலச்சிக்கல் என்று ஒன்றைச் சொல்லிவிட்டு, அதோடு வரக்கூடியது வராதது எல்லாவற்றையும் பின்னால் கோத்துவிடுகிறார்கள். படிக்கிறவருக்கு அதில் ஏதாவது ஒன்று நிச்சயம் இருக்கும்.

வி.பி. (வேல்யூ பேயபிள்) என்ற இரண்டெழுத்துதான் இந்த வியாபாரத்தின் முதுகெலும்பு என்பது என் எண்ணம். 1877-இல் தபால் இலாகா அதைத் தொடங்கியது. பெட்டி வீட்டுக்கு வந்த பிறகு தபால்காரர் கையில் காசு கொடுத்தால் போதும். ஜாம்நகரிலிருந்து திருநெல்வேலிக்கு மருந்து வர, நடுவில் கடையே வேண்டாம். அதிலும், வெளியில் சொல்லக் கூச்சப்படுகிற வியாதிகளுக்குக் கடைக்காரர் முகத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை. தாதுபுஷ்டி மாத்திரைகள் அத்தனை விற்றதற்கு இது பாதிக் காரணமாவது இருக்கும்.

நற்சாட்சிப் பத்திரம் எழுதுவது மாத்திரை உருட்டுவதைவிடக் கஷ்டம். என் கோப்பில் இருப்பவற்றில் அந்த இடத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் உத்தியோகஸ்தர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், வக்கீல்கள். டாக்டர்களைத் தேடினால் கதை வேறு. பதிவு பெற்ற டாக்டர் தன்னை விளம்பரம் செய்துகொள்வது தொழில் ஒழுக்கக்கேடு என்பது லண்டனிலிருந்து வந்த விதி. மதராஸ் மாகாணத்தில் 1914-இல் பதிவுச் சட்டம் வந்த பிறகு அது இங்கும் இறுகியது. அதனால் பெயர்ப்பலகையைத் தாண்டிப் பதிவு டாக்டர் எதையும் சொல்ல முடியாது, பதிவு இல்லாதவர் முழுப்பக்கம் போடலாம்! இதில் கெட்டிக்காரத்தனம் குளோரோடைன் கம்பெனியுடையது. குளோரோடைன் விற்ற போட்டியாளர் ஃப்ரீமேனோடு நடந்த வழக்கில், பிரௌன்தான் இதைக் கண்டுபிடித்தவர் என்று நீதிபதி சொன்னதை 1864 தேதியோடு ஆண்டுக்கணக்காக விளம்பரத்தில் போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஜட்ஜே சாட்சி.

சர்க்கார் சும்மா இருந்ததா என்றால், மெதுவாக அசைந்தது. இங்கிலாந்தில் இப்படிப்பட்ட மருந்துகளைப் பற்றி விசாரணைக் கமிட்டி உட்கார்ந்து அறிக்கை போட்டது, 1914 ஆகஸ்ட் 4 அன்று. அன்றே யுத்தம் தொடங்கியதால் அதைப் படிக்க ஆளில்லை. இந்தியாவில் மருந்துகளைப் பற்றி விசாரித்த சோப்ரா கமிட்டி 1930-இல், மருந்துச் சட்டம் 1940-இல், மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் 1954-இல். பத்திரிகைகள் தாமாகக் குரல் கொடுக்கும் என்று எதிர்பார்ப்பதும் கஷ்டம். 1893-இல் பம்பாயில் அமிர்தாஞ்சனம் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவ், அந்த வருமானத்தில்தான் 1908-இல் 'ஆந்திர பத்திரிகா'வை ஆரம்பித்தார். சங்கீதக் கச்சேரிகளில் இலவசமாகத் தைலம் கொடுத்துப் பெயர் பரப்பியவர் அவர். அந்த யோசனைக்கு மட்டும் நான் தொப்பியைக் கழற்றுகிறேன். தலைவலித் தைலம் விற்க அதைவிடப் பொருத்தமான இடம் ஏது?

இப்போதைய நிலவரம்: லேபிள் முடிந்தது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய லை, னை கொம்பெழுத்துகள் உள்ள எழுத்துரு ஒன்று கிடைத்தது. ஓரத்தில் பூவேலை, விரல் நீட்டிய கை, நடுவில் தலைப்பாகைக்காரர் படம், நான்கு அளவு எழுத்து என்று அடைத்திருக்கிறேன். நோய்ப் பட்டியல் மட்டும் சிமிழில் அடங்கவில்லை, தனித் துண்டுக் காகிதமாக மடித்து உள்ளே வைத்துவிட்டேன். அடியில் சிவப்பில் 'காட்சிக்கு மட்டும், உட்கொள்ளக்கூடாது' என்று எழுதியது பழைய தோரணையைக் கெடுக்கிறது, ஆனால் வீட்டில் குழந்தைகள் வந்து போகிறார்கள்.

அடுத்தது கிரைப் வாட்டர். 1851-இல் நாட்டிங்ஹாமில் உட்வர்ட் செய்தது, அப்போது சாராயமும் சேர்த்து. அதை விட்டுவிட்டுச் சதகுப்பை, சர்க்கரை, சோடா உப்பு மட்டும் போட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். சதகுப்பையை ஊறவைத்துக் காய்ச்சி வடிக்க ஒரு சின்ன வாலை வேண்டும். பழைய கண்ணாடி வாலை யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.