முதலில் நிரையைக் கூட்டுங்கள்: பவர் கண்ட்ரோல் தாளில் இரண்டாம் முறை தேறிய கதை

நேற்று முடிவு வந்தது. பவர் கண்ட்ரோல் தாளில், அதாவது வயர்லெஸ் இணைப்புகள் ஒன்றையொன்று கெடுக்காமல் எவ்வளவு பவரில் அனுப்பவேண்டும் என்று கணக்கிடும் தாளில், தேறிவிட்டேன். பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் மதிப்பெண் இல்லை. ஆனால் இதே தாளில் போன முறை கோட்டை விட்டவனுக்கு இதுவே பெரிய விஷயம். அடுத்து எழுதப்போகிற சிலர் "எப்படிப் படித்தாய்?" என்று கேட்டார்கள். ஆளாளுக்குத் தனியாகச் சொல்வதைவிட மொத்தமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். தாளின் அமைப்பு, எந்தப் பகுதியை விடலாம், எத்தனை உட்பிரிவு என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் எங்கே விழுந்தேன் என்பதைத்தான் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

போன முறை பெரிய கேள்வியில் மூன்று இணைப்புகளின் சேனல் கெயின் அணியை (யாருடைய சிக்னல் எந்த ரிசீவருக்கு எவ்வளவு பலத்தில் போகிறது என்ற அட்டவணை) கொடுத்திருந்தார்கள். மூன்றுக்கும் இலக்கு எஸ்ஐஎன்ஆர் (சிக்னலுக்கும், குறுக்கீடு–இரைச்சல் கூட்டுத்தொகைக்கும் உள்ள விகிதம்) 3 டெசிபெல். ஃபோஷினி–மில்யானிச் முறையில் பவர் எங்கே போய் நிற்கும் என்பது கேள்வி. 1993-இல் வந்த அந்த முறை எனக்கு மனப்பாடம்: புதிய பவர் = பழைய பவர் × (இலக்கு எஸ்ஐஎன்ஆர் ÷ இப்போதைய எஸ்ஐஎன்ஆர்). இதைவிட எளிய கேள்வி வராது என்று நினைத்தேன். 3 டெசிபெலை 2 என்று மாற்றினேன். குறுக்கீட்டுக் கெயினை இலக்கால் பெருக்கி, தன் கெயினால் வகுத்தேன். அணி இப்படி வந்தது:

முதல் நிரை: 0, 0.7, 0.5
இரண்டாம் நிரை: 0.6, 0, 0.6
மூன்றாம் நிரை: 0.8, 0.4, 0

இரைச்சலுக்கு மூன்றிலும் 0.1. தொடக்கப் பவர் எல்லாம் 1. நிரை எண்களை மற்றவர் பவரால் பெருக்கிக் கூட்டி, அந்த 0.1-ஐச் சேர்த்தால் புதிய பவர். முதல் சுற்றில் மூன்றும் 1.3. இரண்டாம் சுற்றில் மூன்றும் 1.66. மூன்று இணைப்புக்கும் ஒரே எண் வருகிறதே, கணக்கு சரியான வழியில்தான் போகிறது என்று வேறு மகிழ்ந்துகொண்டேன்! அடுத்து 2.09, 2.61, 3.23, 3.98. எங்கேயும் நிற்கவில்லை. எங்கோ கூட்டலில் தவறு என்று அடித்துவிட்டு முதலிலிருந்து போட்டேன். மறுபடியும் 3.98. இப்படியே 35 நிமிடம் போனது.

மூன்று நிரைகளையும் கூட்டிப் பாருங்கள். 1.2, 1.2, 1.2. எல்லா நிரையும் ஒரே கூட்டுத்தொகை என்றால் அந்த அணியின் ஸ்பெக்ட்ரல் ரேடியஸ் (மிகப்பெரிய ஐகன் மதிப்பு; போகப்போகச் சுற்றுக்கு எத்தனை மடங்கு என்று காட்டுவது) அதுவேதான். 1-ஐத் தாண்டிவிட்டது என்றால் தீர்வே கிடையாது. எத்தனை சுற்று போட்டாலும் பவர் ஒவ்வொரு சுற்றிலும் 1.2 மடங்குக்கு மேல் ஏறிக்கொண்டேதான் போகும். ஐந்து விநாடி வேலை. அடுத்த பக்கத்தில் "இலக்கை எட்ட முடியாவிட்டால் எந்த இணைப்பை நீக்குவீர்கள்?" என்று ஓர் உட்பிரிவும் இருந்தது. நான் பக்கத்தைப் புரட்டவே இல்லை. "எங்கே போய் நிற்கும்" என்று கேட்டது ஏமாற்று வேலை என்று ஒரு மாதம் பொருமிக்கொண்டிருந்தேன். வழிமுறைக்கென்று ஒரு மதிப்பெண்கூடப் போடவில்லை என்பதில் இன்றும் கொஞ்சம் கசப்பு உண்டு.

ஆகவே என் ஒரே உபதேசம்: எந்தப் பவர் கண்ட்ரோல் கணக்கானாலும், சுற்று போடுவதற்கு முன் தீர்வு இருக்கிறதா என்று பாருங்கள். நான் இப்போது செய்யும் வரிசை:

– எல்லா நிரைக் கூட்டலும் 1-க்குக் கீழ் என்றால் தீர்வு உண்டு. எல்லாம் 1-க்கு மேல் என்றால் இல்லை.
– கலவையாக இருந்தால் நிரல்களைக் கூட்டிப் பாருங்கள். அதே விதிதான்.
– இரண்டே இணைப்பு என்றால் குறுக்கே உள்ள இரண்டு எண்களின் பெருக்கல் 1-க்குக் கீழ் இருந்தால் போதும்.
– மூன்று இணைப்பு என்றால் மூன்று ஜோடிப் பெருக்கல்கள் (ஒன்று–இரண்டு, ஒன்று–மூன்று, இரண்டு–மூன்று), இரண்டு சுழற்சிப் பெருக்கல்கள் (1→2→3→1, அதன் எதிர்ச்சுற்று). ஐந்தையும் கூட்டினால் 1-க்குக் கீழ் வரவேண்டும். மேலே உள்ள அணியில் 0.42 + 0.40 + 0.24 + 0.336 + 0.12 = 1.516. எட்டாது.

கடைசி விதியை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அலகு அணியிலிருந்து இந்த அணியைக் கழித்து, அணிக்கோவையை விரித்தால் அதுதான் மிஞ்சுகிறது. ஒருமுறை நீங்களே விரித்துப் பாருங்கள், மறக்காது.

இதன் மறுபக்கம் ஆய்வாளர் சான்டர் 1992-இல் எழுதியது. எல்லா இணைப்புக்கும் ஒரே விகிதம் கொடுத்தால் அதிகபட்சம் எவ்வளவு எட்டலாம்? இலக்கால் பெருக்காத அணியை எடுத்துக்கொண்டால், அதன் மிகப்பெரிய ஐகன் மதிப்பின் தலைகீழ். என் கேள்வியில் அது 0.6, தலைகீழ் 1.67, அதாவது 2.2 டெசிபெல். கேட்டதோ 3. இரைச்சல் இருக்கும்போது அந்த 2.2-ஐக்கூட நெருங்கத்தான் முடியும், தொட முடியாது.

டெசிபெல் பற்றி ஒரு வரி: 3 என்றால் 2, 7 என்றால் 5, 10 என்றால் 10, 23 டிபிஎம் (1 மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்) என்றால் 200 மில்லிவாட். குறுக்கீடுகளை டெசிபெலிலேயே கூட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். செய்யாதீர்கள்.

அப்புறம், இப்படிச் சுற்று போடும் முறைகள் எப்போது ஒரே இடத்தில் போய் நிற்கும் என்று சொன்ன யேட்ஸ். 1995-இல் வந்த அந்த மூன்று நிபந்தனைகளை (நேர்மறை, ஏறுமுகம், அளவீட்டுப் பண்பு) எல்லோரும் ஒப்பிப்பார்கள். மதிப்பெண் இருப்பது மூன்றாவதில். எல்லாப் பவரையும் இரண்டு மடங்காக்கினால், தேவைப்படும் பவர் இரண்டு மடங்குக்குக் குறைவாகவே ஆகவேண்டும். ஏன்? குறுக்கீடு இரண்டு மடங்காகும், இரைச்சல் ஆகாது. நிரூபணமே அவ்வளவுதான். "இரைச்சல் சுழி என்றால் என்ன ஆகும்?" என்று கேட்டால் இந்த நிபந்தனை உடைகிறது என்று சொல்லவேண்டும், நிலைப்புள்ளி (பவர் மாறாமல் நிற்கும் இடம்) ஒன்றே ஒன்று என்ற உறுதியும் சேர்ந்து போய்விடும். தீர்வு இருக்கும் பட்சத்தில், இணைப்புகள் ஒரே நேரத்தில் புதுப்பிக்காவிட்டாலும், பழைய தகவலை வைத்துப் புதுப்பித்தாலும், அதே புள்ளிக்குத்தான் வந்து சேரும் என்பதுதான் இதன் பலன். இதை எழுதாமல் மூன்று நிபந்தனையை மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண்தான்.

இங்கேயே ஒரு பொறி இருக்கிறது. உச்சவரம்பு வைத்து, கணக்கிட்ட பவர் வரம்பைத் தாண்டினால் வரம்போடு நிறுத்திவிட்டால், சுற்றுகள் எப்போதும் ஒருங்கிவிடும், அதாவது ஓரிடத்தில் போய் நின்றுவிடும். தீர்வே இல்லாத கணக்கிலும்கூட. ஒருங்கியது என்பதால் இலக்கு எட்டியது என்று அர்த்தமில்லை. யாரோ ஒருவர் உச்சத்தில் கத்திக்கொண்டே இலக்குக்குக் கீழே நிற்பார்.

விளையாட்டுக் கோட்பாட்டுப் பகுதியை நான் வெறுத்தேன். குறியீடுகள் என்னைத் தூங்க வைத்துவிடும். ஒரு நாள் ஒன்று பிடிபட்டதும் எல்லாம் லேசாகிவிட்டது: அது வேறு வேடத்தில் வந்த அதே இலக்குக் கணக்குதான். ஒவ்வொருவரும் ஒரு ஜூலுக்கு எத்தனை பிட் சரியாகப் போய்ச்சேர்ந்தது என்பதைப் பெரிதாக்கப் பார்த்தால், அவரவர்க்குச் சிறந்த எஸ்ஐஎன்ஆர் ஒரு குறிப்பிட்ட மதிப்பாக வந்து நிற்கும். எதிராளி என்ன செய்தாலும் அது மாறாது. அப்படியானால் நாஷ் சமநிலை (தனியாக மாறி யாரும் லாபம் பார்க்க முடியாத நிலை) என்பது ஃபோஷினி–மில்யானிச் போய் நிற்கும் இடம்தான். அந்தச் சமநிலையில் எல்லோரும் தேவைக்கு மேல் பவர் போடுகிறார்கள், கொஞ்சம் விலை வைத்தால் எல்லோருக்கும் நல்லது என்று சரய்தார், மண்டயம், குட்மன் மூவரும் 2002-இல் காட்டினார்கள். அதே விளையாட்டில் பயன் சார்பை வெறும் வேகம் என்று வைத்து, விலையும் வைக்காவிட்டால், எல்லோரும் உச்சப் பவருக்குப் போய்விடுவார்கள். இதை ஒரு வரியில் கேட்பார்கள், ஒரு வரியில் சொல்லுங்கள்.

வாட்டர்ஃபில்லிங் (மொத்தப் பவரைச் சேனல்களுக்கு, பள்ளத்தில் நீர் நிரப்புவதுபோலப் பிரிப்பது) கணக்கு இலவச மதிப்பெண். இரைச்சல்–கெயின் விகிதம் 1, 2, 5. மொத்தப் பவர் 3. மூன்றையும் சேர்த்தால் நீர்மட்டம் (1 + 2 + 5 + 3) ÷ 3 = 3.67. அது 5-க்குக் கீழே, ஆகவே மூன்றாவதைத் தூக்கிவிடுங்கள். இப்போது 6 ÷ 2 = 3. பவர் 2, 1, 0. முடிந்தது. ஆனால் நேர்முகத்தில் வேறு விதமாக வரும்: "வாட்டர்ஃபில்லிங் நல்ல சேனலுக்கு அதிகம் தருகிறது, இலக்கு முறை மோசமான சேனலுக்கு அதிகம் தருகிறது. எது சரி?" இரண்டும் சரி. முதலாவது மொத்த வேகத்தைப் பெரிதாக்குகிறது. குரல் அழைப்பு மாதிரி ஒரு குறைந்தபட்சத் தரம் எல்லோருக்கும் வேண்டும் என்றால் இரண்டாவது. இந்த ஒரு வேறுபாட்டை மனதில் வாங்கிக்கொண்டால் பாதிப் பாடம் தானாக அடுக்கிக்கொள்ளும்.

இரட்டைப் பிரிப்பு, விலைப் புதுப்பிப்பு (பெரிய கணக்கைத் துண்டாக்கி, விலை வழியாக ஒத்துப்போக வைக்கும் முறை): குறியைத் தலைகீழாக எழுதாதீர்கள். தேவை கொள்ளளவைத் தாண்டினால் விலை ஏறும். கடை வைத்தவருக்குத் தெரியும், நமக்குத்தான் மறந்துபோகிறது. வயர்லெஸில் கொள்ளளவே மற்றவர் பவரைப் பொறுத்தது என்பதால் குவிவுத்தன்மை (கணக்கை எளிதாகத் தீர்க்கவைக்கும் பண்பு) போய்விடும். எஸ்ஐஎன்ஆர் அதிகம் என்று வைத்துக்கொண்டு பவரின் மடக்கையை மாறியாக எடுத்தால் அது திரும்ப வரும். பொதுவான மொத்த வேகக் கணக்கு என்பி-கடினம், அதாவது வேகமாகத் தீர்க்கும் வழி தெரியாத வகை. இவ்வளவுக்கு மேல் நான் படிக்கவில்லை, கேட்கவும் இல்லை.

நடைமுறை எண்கள் சில கைவசம் இருக்கட்டும்:

– ஐஎஸ்-95 (பழைய 2ஜி): விநாடிக்கு 800 பவர் கட்டளை
– டபிள்யூசிடிஎம்ஏ (3ஜி): விநாடிக்கு 1500
– இந்த இரண்டிலும் கட்டளை என்பது ஒரே பிட்தான்: ஏற்று அல்லது இறக்கு. விகிதத்தை யாரும் அனுப்புவதில்லை
– எல்டிஇ (4ஜி) மேல்நோக்கு, அதாவது போனிலிருந்து கோபுரத்துக்கு: பாதை இழப்பை முழுதாக ஈடுகட்டாமல் ஒரு பங்கு மட்டும் (0.8 மாதிரி) ஈடுகட்டலாம். செல் ஓரத்தில் இருப்பவர் கொஞ்சம் இழப்பார், பக்கத்துச் செல்லுக்குக் குறுக்கீடு குறையும்

படிக்கும் முறை என்று கேட்டால், என் சுபாவத்துக்கு ஏற்றதைத்தான் சொல்ல முடியும். கூட்டமாகப் படிப்பது எனக்கு ஒத்துவராது. கட்டுரைகளைத் தேடித் தேடிச் சேர்த்தேன், திறக்கவே இல்லை. ஆறே ஆறு கணக்கை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் எண்களை மாற்றி மாற்றிக் காகிதத்தில் போட்டேன். நிறையப் படித்து வாங்குகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இந்த முறை எழுத்துத் தேர்வு நன்றாகவே போனது. நேர்முகத்தில்தான் வியர்த்தது. மூன்று இணைப்பு அணி ஒன்றைக் கொடுத்தார்கள். நான் முந்திக்கொண்டு நிரைகளைக் கூட்டி "தீர்வு இல்லை ஐயா" என்றேன். தேர்வாளர் தலையாட்டிவிட்டு, "சரி, உங்களுக்கு அணி தெரியும். அந்த இணைப்புக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

வாயடைத்துப் போனேன். ஒரு வருடமாக நான் தூக்கிப்பிடித்த தந்திரம் முழு அணியும் கையில் இருப்பவருக்கானது. ஒவ்வோர் இணைப்பும் தன் பவரைத் தானே முடிவுசெய்யும் பகிர்ந்த முறையில் ஓர் இணைப்புக்குத் தெரிவதெல்லாம் தன் ரிசீவரில் அளந்த ஒரே ஓர் எண். அணியே தெரியாமல் வேலை செய்கிறது என்பதுதான் அந்த முறையின் அழகு. தீர்வு இருக்கிறதா என்று அதனால் தானாகச் சொல்ல முடியாது என்பது அதன் விலை.

நல்லவேளை, பம்போஸும் உடன் எழுதியவர்களும் 2000-இல் சொன்ன வழி கடைசி நேரத்தில் நினைவுக்கு வந்தது. புதிதாக வரும் இணைப்பு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சிறு மடங்கு மட்டும் பவரை ஏற்றும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவர்கள் இலக்குக்கு மேல் அதே மடங்கு கூடுதலை வைத்துக்கொள்வார்கள், அதனால் யாரும் இலக்குக்குக் கீழே தள்ளப்படமாட்டார்கள். புதியவரின் எஸ்ஐஎன்ஆர் எவ்வளவு ஏற்றியும் இலக்குக்கு முன்பே நின்றுவிட்டால், இடமில்லை என்று புரிந்துகொண்டு தானே விலகிக்கொள்ளலாம். திக்கித் திக்கித்தான் சொன்னேன். "மடங்கு பெரிதாக இருந்தால்?" என்றார். "சீக்கிரம் சேரலாம், ஆனால் எல்லோரும் அதிகப் பவர் போடவேண்டும், கொள்ளளவு குறையும்" என்றேன். அடுத்தவரை வரச்சொன்னார்.

முடிவு வந்தபிறகு நேற்று இரவு பழைய கேள்வித்தாளை எடுத்து, அன்று புரட்டாத அந்தப் பக்கத்தைப் போட்டுப் பார்த்தேன். முதல் இணைப்பை நீக்கினால் மிஞ்சும் பெருக்கல் 0.24, இரண்டாவதை நீக்கினால் 0.40, மூன்றாவதை நீக்கினால் 0.42. எதை நீக்கினாலும் தீர்வு உண்டு. முதலாவதை நீக்குவது நல்லது. மீதி இரண்டும் 0.21-லும் 0.18-லும் போய் நிற்கின்றன. நான் 3.98 வரை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்த அதே கணக்கு. நான்கு வரி.