பாக்தாத் விவாதம்: வாசிப்பு நாட்குறிப்பு

ஜூலை 6

10ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. பாக்தாதில் அமைச்சர் இப்னுல் ஃபுராத்தின் சபை. ஒரு பக்கம் மத்தா இப்னு யூனுஸ்: அரிஸ்டாட்டிலைச் சிரியாக் மொழியிலிருந்து அரபுக்குக் கொண்டுவந்த கிறிஸ்தவ அறிஞர். எதிரே இலக்கண அறிஞர் அபூ சயீத் அல்-சீராஃபி.

சரியான பேச்சையும் தவறான பேச்சையும் பிரித்துக் காட்டும் தராசு தர்க்கம் என்கிறார் மத்தா. அது ஒரு கிரேக்கர் தன் மொழியை வைத்து உண்டாக்கியது, துருக்கியரும் இந்தியரும் பாரசீகரும் அரபியரும் ஏன் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று கேட்கிறார் சீராஃபி. மத்தாவின் பதில் எனக்குப் பிடித்திருக்கிறது: நாலும் நாலும் எட்டு, எல்லா மக்களுக்கும் எட்டுதான். ஆனால் எல்லா விஷயமும் அத்தனை தெளிவாக இருந்தால் சண்டையே வராதே என்று சீராஃபி மடக்கிவிடுகிறார். அதுவும் நியாயம்தான்.

ஜூலை 9

இன்று படித்த பகுதி கடுமையானது. உமக்குக் கிரேக்கம் தெரியாது, அந்த மொழியைப் பேசியவர்களும் போய்விட்டார்கள், கிரேக்கத்திலிருந்து சிரியாக்குக்கும் அங்கிருந்து அரபுக்கும் மாறி வந்த பொருளை எப்படி நம்புகிறீர் என்று கேட்கிறார் சீராஃபி. மொழிபெயர்ப்பு நோக்கங்களைக் காப்பாற்றிப் பொருளைக் கொண்டு சேர்த்திருக்கிறது என்கிறார் மத்தா. அவர் நம்பி நிற்பது இந்த ஒன்றைத்தான்.

அப்புறம் 'வாவ்' என்ற ஓர் எழுத்தைப் பற்றிக் கேட்கிறார் சீராஃபி. அது இலக்கணம், நான் அதைப் பார்த்ததில்லை என்கிறார் மத்தா. அங்கேயே தோற்றுவிட்டார்.

ஜூலை 10

அரபு தெரிந்த காயல்பட்டினத்து நண்பரிடம் கேட்டேன். "வாவ் 'உம்' மாதிரியும் வரும், சத்தியம் பண்ணவும் வரும். 'வல்லாஹி'ன்னு சொல்றோமே, அதுலயும் அந்த வாவ்தான்" என்றார்.

ஜூலை 14

இந்த விவாதத்தை நமக்கு எழுதிவைத்தவர் அரபு எழுத்தாளர் அல்-தவ்ஹீதி. சீராஃபியிடமே கொஞ்சம் கேட்டார், விரிவாக அல்-ருமானியிடம் கேட்டார். அவரும் இலக்கணக்காரர். மத்தாவின் தரப்பு எழுதிய பதிவு நமக்குக் கிடைக்கவில்லை. அந்தச் சபையில் அவர் உண்மையில் இவ்வளவு குறைவாகத்தான் பேசினாரா?

ஜூலை 20

தத்துவ அறிஞர் அல்-ஃபாராபியின் 'கிதாபுல் ஹுரூஃப்' (எழுத்துகளின் நூல்) பற்றிப் படிக்கிறேன். மத்தாவோடு அதே பாக்தாதில் இருந்தவர். அந்த விவாதம் விட்ட இடத்திலிருந்து அவர் தொடர்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. கிரேக்கத்திலும் பாரசீகத்திலும் எழுவாயையும் பயனிலையையும் இணைக்க ஒரு சொல் உண்டு, அரபில் இல்லை என்கிறார். 'சாக்ரடீஸ் மனிதன்' என்றாலே வாக்கியம் முடிந்துவிடும் தமிழ்க்காரனுக்கு இது உடனே புரியும். அந்த இணைப்புச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பாளர்கள் சிலர் 'ஹுவ' (அவன், அது) என்று போட்டார்கள், சிலர் 'மவ்ஜூத்' (இருப்பது; நேர்ப்பொருள் 'காணப்பட்டது') என்று போட்டார்கள். இரண்டாவது சொல்லின் அமைப்பைப் பார்த்து, ஒரு பொருளுக்குள் 'இருப்பு' என்று இன்னொன்று இருப்பதாக நினைத்து ஏமாறாதீர்கள் என்று ஃபாராபி எச்சரிக்கிறார்.

இருத்தல் என்றால் என்ன என்ற கேள்வி, மொழிபெயர்ப்பாளர்கள் திணறிய இடத்தில்தான் அரபில் இவ்வளவு கூர்மையாக எழுந்தது. சீராஃபியின் தாக்குதல் தத்துவத்தை முடக்கவில்லை, அதற்கு வேலை கொடுத்தது. மத்தாவின் மாணவர் யஹ்யா இப்னு அதீ, தர்க்கத்துக்கும் அரபு இலக்கணத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றித் தனி நூலே எழுதினார். அடுத்து அதைத் தேட வேண்டும்.