குத்து வாங்குவதுதான் என் வேலை

வாள்வீச்சுப் பயிற்சியாளர் என்றதும் பலரும் ஓரமாக நின்று கத்துகிற ஆளை நினைத்துக்கொள்கிறார்கள். என் மாலைப்பொழுதில் பெரும்பகுதி நெஞ்சில் குத்து வாங்குவதிலேயே போகிறது. மாஸ்க், மார்பை மூடும் தடித்த தோல் கவசம், வாள் பிடிக்கும் கைக்குத் தனியாக ஒரு தோல் உறை. இவ்வளவும் போட்டும், தினமும் குத்து விழுகிற வலது மார்பில் நீலம் மறைவதே இல்லை.

விளையாடிய காலத்தில் நான் சுமாரான ஆள். முழங்கால் ஒத்துழைக்காததால் சீக்கிரமே இந்தப் பக்கம் வந்தேன். நம்பவைக்கிற மாதிரி தோற்பதற்குத்தான் இங்கே அதிகம் உழைக்க வேண்டியிருந்தது. தனிப்பாடம் என்பது ஒரு மாணவர், ஒரு கோச், இருபது நிமிடம். என் வாளை மாணவியின் வாளின் மேல் வைத்து வழியை அடைக்கிறேன். அவள் முனையை அடியில் சுற்றிக் கொண்டுவந்து என் நெஞ்சில் குத்த வேண்டும். நான் கொஞ்சம் முன்னாடியே வழிவிட்டால், தானாகத் திறக்கும் என்று காத்திருக்கப் பழகிவிடுவாள். நிஜமாகவே தடுத்துவிட்டால் அடுத்த முறை கை தயங்கும். அந்த இடைவெளி கண்ணிமைக்கும் நேரம்கூட இருக்காது, அதுவும் ஆளுக்கு ஆள் வேறு. போன வாரம் சரியாக இருந்த நேரம் இந்த வாரம் அதே பிள்ளைக்கே சுலபமாகிவிடும். அப்போது சொல்லாமல் அரை அடி பின்னால் போவேன். கை நீளுவதற்கு முன்னால் அவள் கால் பாய்ந்தால், ஒன்றும் பேசாமல் நான் அவளைக் குத்திவிடுவேன். திட்டுவதைவிட அது சீக்கிரம் புரிகிறது.

குத்தின் கனமும் முக்கியம். வாள்வீச்சில் ஃபாயில், எப்பே, சேபர் என்று மூன்று வகை வாள் உண்டு. ஃபாயில் முனையில் உள்ள ஸ்பிரிங்கை 500 கிராமுக்கு மேல் அழுத்தினால்தான் குத்து விழுந்ததைக் காட்டும் விளக்கு எரியும். எப்பேயில் 750 கிராம். உரசிவிட்டுப் போனால் புள்ளி கிடையாது. வாளின் தகடு லேசாக வளைந்து நிற்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு வாங்கினாலும் நல்ல குத்து எது என்று என் மார்பு சொல்லிவிடும்.

‘நீங்க எந்த லெவல் வரைக்கும் ஆடினீங்க?’ என்று பெற்றோர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான், ஆனால் பதில் பெரிதாக உதவாது. ஜெர்மனியில் டாபர்பிஷாஃப்ஷைம் என்ற சிற்றூரில் எமில் பெக் என்று ஒருவர் இருந்தார். தொழில் முடிதிருத்துவது, வாள்வீச்சைத் தானாகவே கற்றுக்கொண்டவர். 1988 சியோல் ஒலிம்பிக்கில் பெண்கள் ஃபாயில் தனிநபர் பிரிவின் தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றும் அவர் வளர்த்த கிளப்புக்கே போயின.

போட்டி நாளில் எனக்கு வேலை குறைவு. பதினைந்து புள்ளி ஆட்டத்தில், ஃபாயிலுக்கும் எப்பேக்கும் மூன்று மூன்று நிமிடமாக மூன்று சுற்று. நடுவே ஒரு நிமிட இடைவேளை. சேபர் அதிவேகம் என்பதால் அங்கே ஒருவர் எட்டுப் புள்ளி எடுத்ததும் இடைவேளை. அந்த ஒரு நிமிடத்தில் ஐந்து விஷயம் சொல்கிற கோச்சுகளைப் பார்க்கிறேன். மாஸ்க்கைக் கழற்றி மூச்சு வாங்குகிற பிள்ளைக்கு ஒன்றுதான் காதில் ஏறும். ‘அவன் பின்னால் போகும்போது தொடராதே.’ அவ்வளவுதான். அப்புறம் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

இந்தத் தொழிலில் முதலில் தேய்வது முழங்கை. மாலைக்கு ஏழெட்டுப் பேருக்குப் பாடம் நடத்தினால் வாளின் அதிர்வெல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். ஓய்வு கொடுக்கச் சொன்னார் மருத்துவர். பிள்ளைகளை நிறுத்திவைக்க முடியாது என்பதால் இடது கையில் பாடம் நடத்தப் பழகி வருகிறேன். என் தடுப்பு இன்னும் கோணல்மாணலாகத்தான் வருகிறது. ஆனால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்: இடது கை ஆட்டக்காரர்களைக் கண்டால் எல்லோருக்கும் பயம், இப்போது பழகிப் பார்க்க ஓசியில் ஒருவர் கிடைத்துவிட்டார். மார்பின் இடது பக்கமும் நீலமாகத் தொடங்கியிருக்கிறது.