வலென்சியாவுக்கும் மான்செஸ்டருக்கும் நடுவே

இன்று ஒரு பழைய காணொளி கண்ணில் பட்டது. மான்செஸ்டர் சிட்டி கிளப்புக்கு அப்போது ஆடிய ஸ்பெயின் கால்பந்து வீரர் டேவிட் சில்வா, தன் கைக்குழந்தையோடு அந்த கிளப்பின் எதிஹாட் மைதானத்துக்குள் வருகிறார்.

2018 ஆகஸ்ட், ஹடர்ஸ்ஃபீல்டு அணியுடன் ஆட்டம். அன்று ஃப்ரீ கிக்கில் ஒரு கோலும் அடித்தார்.

அந்தக் குழந்தை 2017 டிசம்பரில் மிகவும் குறைமாதத்தில் பிறந்தது. ஸ்பெயினில் மற்ற கால்பந்து வீரர்களுக்கு கிறிஸ்துமஸ் விடுமுறை. இங்கிலாந்தில் அப்போதுதான் ஆட்டங்கள் வரிசைகட்டி நிற்கும்.

மான்செஸ்டரில் ஆடுவார், ஸ்பெயினின் வலென்சியாவுக்குப் பறப்பார். அங்கே மருத்துவமனையில் குழந்தை. அப்புறம் மறுபடி விமானம், மறுபடி ஆட்டம். மாதக்கணக்கில் இப்படியே.

எப்போது வேண்டுமானாலும் போகலாம், குடும்பம்தான் முதலில் என்று பயிற்சியாளர் கார்டியோலா சொல்லிவிட்டார். அந்த சீசனில் சிட்டி 100 புள்ளிகளோடு பிரீமியர் லீக் கோப்பையை வென்றது. சில்வா ஊருக்குப் போய் வந்ததால் எதுவும் குறைந்துவிடவில்லை.

ஆனால் அவர் நட்சத்திரம். கிளப்பும் பணக்கார கிளப். பயிற்சியாளரும் மனசுள்ளவர்.

ஏதோ ஒரு சின்ன லீக்கில், ஒரு வருட ஒப்பந்தத்தில் ஆடும் வெளிநாட்டுப் பையன் என்ன செய்வான்? இந்த விடுப்பு யாருடைய பெருந்தன்மையாகவும் இருக்கக் கூடாது, ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.