வீட்டிலேயே வளைகாப்பு: வளையல் அளவும் ஐந்து வகைச் சாதமும்

வளைகாப்புக்கு மண்டபம் பிடிக்க வேண்டியதில்லை. ஐம்பது பேர் வந்துபோக ஒரு கூடமும், அடுப்படியில் நிற்க மூன்று பேரும் இருந்தால் வீட்டிலேயே நிறைவாகச் செய்துவிடலாம். ஏற்பாட்டை நாள் பார்ப்பதில் தொடங்காமல், உட்காரப்போகும் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணால் எவ்வளவு நேரம் அலுப்பில்லாமல் உட்கார முடியும் என்பதில் தொடங்குங்கள். முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். சந்தனம், வளையல், ஆரத்தி, போட்டோ எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படை மாதத்தில் செய்வது பெரும்பாலான வீடுகளின் வழக்கம். இடமிருந்தால் ஏழையே தேர்ந்தெடுங்கள். ஒன்பதில் உடம்பு கனத்துவிடும், கால் வீக்கம் கூடும், பிரசவ வலி முன்கூட்டியே வந்துவிடவும் வாய்ப்புண்டு. குழந்தைக்கு வெளிச்சத்தம் கேட்கத் தொடங்குவதும் ஏழாம் மாதத்தை ஒட்டித்தான். வளையல் சத்தம் வயிற்றுப் பிள்ளைக்குக் கேட்கட்டும் என்று பெரியவர்கள் சொல்வதில் பொருள் இருக்கிறது.

இனி வளையல். பெரும்பாலான வீடுகளில் தடுமாற்றம் இங்கேதான்.

கடையில் 2.4, 2.6, 2.8, 2.10 என்று சொல்வது வளையலின் உள்விட்டம். புள்ளிக்குப் பின்னால் வருவது தசமம் இல்லை. ஓர் அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்தால் அதில் எத்தனை பங்கு என்பது. 2.4 என்றால் இரண்டேகால் அங்குலம், 2.8 என்றால் இரண்டரை. 2.10 என்பது 2.8-க்கு அடுத்த பெரிய அளவு. இது தெரியாமல் 2.10-ஐச் சின்னது என்று நினைத்து ஒதுக்குகிறவர்கள் உண்டு.

அளவெடுக்க ஒரு நூல் போதும். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, சுண்டுவிரலின் அடியைத் தொடச் சொல்லுங்கள். கை மிக அகலமாக இருக்கும் முட்டிப் பகுதியைச் சுற்றி நூலைப் பிடித்து, ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். 18 செ.மீ. வந்தால் 2.4, 19 வந்தால் 2.6, 20 வந்தால் 2.8, 21 வந்தால் 2.10. ஒவ்வோர் அளவுக்கும் சுற்றளவில் ஒரு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். கண்ணாடி வளையலுக்கு அந்த ஒரு சென்டிமீட்டர்தான் ஏறுவதையும் உடைவதையும் தீர்மானிக்கிறது.

பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணுக்கு அளவெடுப்பதை விழாவுக்கு மூன்று நான்கு நாள் முன்பு, மாலையில் செய்யுங்கள். காலையில் வற்றியிருக்கும் கை மாலையில் சற்று உப்பும். கல்யாணத்துக்குப் போட்ட அளவை நினைவில் வைத்து வாங்கினால் முட்டியிலேயே நின்றுவிடும். நூல் காட்டும் அளவைவிட ஓர் அளவு பெரியதாக வாங்குவதே நல்லது. பிரசவ அறையில் வளையல்களைக் கழற்றச் சொல்வார்கள்; இறுக்கமாக இருந்தால் அங்கே உடைத்துத்தான் எடுக்க வேண்டிவரும். இன்னொன்று: முகமும் கையும் திடீரென்று வீங்கி, கூடவே தலைவலியோ கண் மங்கலோ இருந்தால் அது வளையல் அளவு பற்றிய பிரச்சினை இல்லை. அன்றைக்கே மருத்துவரிடம் காட்டி ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், விழாவைத் தள்ளிவைத்துக்கொள்ளலாம்.

வாங்கிவந்ததும் கட்டைப் பிரித்து ஒவ்வொரு வளையலின் உட்பக்கத்திலும் கொஞ்சம் பஞ்சை ஓட்டுங்கள். கண்ணாடி ஒட்டிய இடம் சரியாக மழுங்காமல் இருந்தால் பஞ்சு இழை சிக்கும். சிக்கியதைத் தனியே எடுத்துவையுங்கள், அதைக் கையில் ஏற்ற வேண்டாம். பிரிக்கும்போது கீழே ஒரு துண்டு விரித்துக்கொண்டால் உருண்டு உடையாது.

ஒரு கைக்கு எத்தனை? வந்த முப்பது பெண்களும் கைக்கொன்றாகப் போட வேண்டும் என்று நினைத்தால் கையில் இடம் இருக்காது. மணிக்கட்டிலிருந்து முழங்கையை நோக்கிப் போகப் போக முன்கை பருக்கும். அதனால் வளையல்கள் கீழ்ப்பாதியிலேயே நெருங்கி நின்றுவிடும். ஒன்று மூன்றிலிருந்து நான்கு மில்லிமீட்டர் கனம் என்றால், இருபது வளையலே ஆறிலிருந்து எட்டு சென்டிமீட்டரை அடைத்துவிடும். ஒரு கையில் 11, மறு கையில் 12 என்று வைத்துக்கொண்டால் பார்க்கவும் அழகு, தூங்கவும் இடைஞ்சல் இல்லை. முதலில் வேப்பங்குச்சியை வளைத்து மஞ்சள் நூல் சுற்றிய வேப்பிலைக் காப்பு, பிறகு வெள்ளிக்காப்பு இருந்தால் அது, அதற்கப்புறம் கண்ணாடி. நெருங்கிய உறவுப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வளையல் போடட்டும். மற்றவர்கள் சந்தனம் பூசி, அட்சதை தூவி வாழ்த்தினால் போதும்.

போடும் விதம்: கையைத் தளர்த்திக் கொடுக்கச் சொல்லுங்கள். நான்கு விரலையும் சேர்த்து, கட்டைவிரலை உள்ளே மடக்கி, உங்கள் இடது கையால் அவள் முட்டிகளை இரண்டு பக்கமும் மெல்ல நெருக்குங்கள். வளையலை நேராகத் தள்ளாமல், முதலில் சுண்டுவிரல் பக்கம் ஏற்றி, பிறகு கட்டைவிரல் மூட்டுப் பக்கம் சாய்த்து இறக்குங்கள். இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும். முட்டியில் நின்றால் அழுத்தவே கூடாது, பின்னால் எடுத்துவிடுங்கள். கண்ணாடி உடைந்தால் முனை தோலைக் கிழித்துவிடும்.

வந்தவர்களுக்குக் கொடுக்க, முப்பது பெண்களுக்கு ஆளுக்கு அரை டஜன் என்றால் 15 டஜன். அதில் 2.4-ல் நான்கு, 2.6-ல் ஆறு, 2.8-ல் நான்கு, 2.10-ல் ஒன்று என்று பிரியுங்கள். முதலில் தீர்வது எப்போதும் 2.6. சின்னப் பெண்களுக்குத் தனியாக இரண்டு டஜன், உடைசலுக்கு ஒரு டஜன்.

மணையில் சம்மணமிட்டு உட்கார வைப்பதைவிட, முதுகு சாயும் நாற்காலியும் காலுக்கு ஒரு சின்ன ஸ்டூலும் நல்லது. மேலே மின்விசிறி, பக்கத்தில் குடிதண்ணீர், கழிவறைக்கு நேர் வழி. விழாவுக்கு ஒரு மணி நேரம் முன்பே இரண்டு இட்லியாவது சாப்பிட வைத்துவிடுங்கள். வெறும் வயிற்றில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்தால் மயக்கம் வரும். சந்தனத்தைக் கன்னத்தில் முப்பது பேரும் பூசினால் காய்ந்து அரிக்கும், ஆகவே கையில் பூசச் சொல்லுங்கள். பன்னீரைத் தரையில் சிந்த விடாதீர்கள், எழுந்திருக்கும்போது வழுக்கும். ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு ஒரு சிட்டிகை போதும், செந்நிறம் வந்துவிடும்.

ஆளுக்கொரு வாய் இனிப்பு ஊட்டும் பழக்கத்தைக் குறைத்தே தீர வேண்டும். முப்பது பேர் ஆளுக்குப் பத்து கிராம் சர்க்கரைப் பொங்கல் ஊட்டினால் 300 கிராம். கர்ப்பகாலச் சர்க்கரை இப்போது நிறையப் பேருக்கு இருக்கிறது. அதை எல்லார் முன்னாலும் சொல்ல அவளுக்குச் சங்கடமாக இருக்கும். அம்மாவும் மாமியாரும் மட்டும் ஊட்டுவது என்று முன்னாடியே பேசி வைத்துவிட்டால் யாரையும் தடுக்க வேண்டியிருக்காது.

யார் போடலாம், யார் போடக்கூடாது என்ற பேச்சும் வரும். கணவனை இழந்த தாயைப் பின்னால் நிற்க வைத்துவிட்டு மற்றவர்கள் வளையல் போடுவதைப் பார்க்க மனம் கொதிக்கிறது. பெற்றவள் கையை விட வாழ்த்துகிற கை வேறென்ன இருக்கிறது? முதல் வளையலை அவரே போடட்டும். குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்ணையும் கூப்பிடுங்கள். பிள்ளைத்தாய்ச்சி தன் கையால் அவளுக்கு வளையல் போட்டுவிடும் வழக்கமும் இருக்கிறது. முன்கூட்டி அவளிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள், சபையில் இழுத்துவிடாதீர்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். கலந்த சாதம் ஏழு வகை செய்பவர்கள் உண்டு. வீட்டு அடுப்பில் ஐந்துதான் சமாளிக்கக்கூடியது. கூட வடை, அப்பளம், உருளைக்கிழங்குப் பொரியல் இருந்தால் இலை நிறைந்துவிடும். ஐம்பது பேருக்கு எல்லாம் சேர்த்து அரிசி 5 கிலோ. சமமாகப் பிரிக்காதீர்கள். புளியோதரைக்கும் தயிர்சாதத்துக்கும் ஒன்றேகால் கிலோ, எலுமிச்சைக்கு ஒரு கிலோ, தேங்காய்ச் சாதத்துக்கும் சர்க்கரைப் பொங்கலுக்கும் முக்கால் கிலோ.

புளியோதரை, எலுமிச்சை, தேங்காய் மூன்றுக்கும் பழைய பச்சரிசி, ஒன்றுக்கு இரண்டு தண்ணீர். 5 லிட்டர் குக்கரில் ஒரு தடவைக்கு முக்கால் கிலோவுக்கு மேல் போட்டால் மேலே வேகாமல் அடியில் குழையும். இறக்கியதும் அகலத் தாம்பாளத்தில் பரப்பி, இரண்டு கரண்டி நல்லெண்ணெய் விட்டு ஆறவிடுங்கள். சூட்டோடு கிளறினால் பருக்கை உடைந்து களியாகிவிடும்.

ஒன்றேகால் கிலோ புளியோதரைக்குப் பழம்புளி 150 கிராம், நல்லெண்ணெய் 250 மி.லி. எண்ணெயில் கடுகு, 20 காய்ந்த மிளகாய், கடலைப்பருப்பு 50 கிராம், வேர்க்கடலை 100 கிராம், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, கெட்டியாகக் கரைத்த புளியை ஊற்றி, மஞ்சள்தூளும் உப்பும் போட்டுச் சிறு தீயில் கொதிக்க விடுங்கள். எண்ணெய் ஓரத்தில் பிரிந்து மேலே மிதக்கும்வரை அவசரப்படக்கூடாது. முன்னதாக இறக்கினால் புளியின் பச்சை வாசம் சாதத்தில் தங்கிவிடும். கடைசியில் நெல்லிக்காய் அளவு வெல்லம். தனியா மூன்று மேசைக்கரண்டி, எள் இரண்டு மேசைக்கரண்டி, வெந்தயம் ஒன்றரை தேக்கரண்டி, எட்டு மிளகாய் வறுத்துப் பொடித்ததைச் சாதம் கலக்கும்போது தூவுங்கள். வெந்தயம் கருகினால் மொத்தமும் கசக்கும். புளிக்காய்ச்சலை முதல் நாளே செய்துவிடலாம், மறுநாள் ருசி கூடத்தான் செய்யும்.

எலுமிச்சைக்கு நடுத்தரப் பழம் 10 முதல் 12. தாளிப்பை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் சாறு ஊற்ற வேண்டும். சாறு கொதித்தாலும், தோலோடு அழுத்திப் பிழிந்தாலும் கசப்பு வந்துவிடும். தேங்காய்ச் சாதத்துக்குப் பெரிய தேங்காய் மூன்று. வெள்ளைப் பகுதியை மட்டும் துருவி, ஈரம் போக வறுங்கள். ஐந்தில் முதலில் கெடுவது இதுதான், ஆகவே கடைசியில் கலக்க வேண்டும்.

தயிர்சாதத்துக்கு ஒன்றுக்கு நான்கு தண்ணீர் வைத்துக் குழைய வேகவிட்டு, சூட்டிலேயே மசித்து, காய்ச்சிய பால் இரண்டு லிட்டர் ஊற்றுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் தயிர் கால் லிட்டர். கொதிக்கும் சாதத்தில் தயிர் விட்டால் திரிந்து தண்ணீர் விட்டுக்கொள்ளும். பரிமாறும் நேரத்தில் இன்னும் அரை லிட்டர் தயிர் கலந்துகொண்டால் புளிக்காது, இறுகாது. மாதுளை முத்தும் அப்போதுதான்.

சர்க்கரைப் பொங்கலுக்குப் பாசிப்பருப்பு 200 கிராம், வெல்லம் ஒன்றரைக் கிலோ, நெய் 350 மி.லி. அரிசியும் பருப்பும் மசிய வெந்த பிறகே வடிகட்டிய வெல்லப்பாகு சேர்க்க வேண்டும். வெல்லம் விழுந்தபின் அரிசி வேகாது. வாசனைக்கு ஏலக்காய் போதும், பச்சைக் கற்பூரம் வேண்டாம்.

பத்தரைக்கு விழா என்றால் பன்னிரண்டுக்குள் இலை போட்டுவிடுங்கள். சமைத்த சாதம் வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி பெருகி நச்சை உண்டாக்கும். அதன் வித்துகள் கொதிநீரில் சாகாது, அந்த நச்சு மறுபடி சுடவைத்தாலும் போகாது. கலந்த சாதங்களை எட்டு மணிக்கு முன் கலக்காதீர்கள், முதல் இலை பிள்ளைத்தாய்ச்சிக்கே போடுங்கள். பஸ்ஸில் ஊர் திரும்புகிறவர்களுக்குக் கட்டிக்கொடுக்கப் புளியோதரை மட்டும்தான். தேங்காயும் தயிரும் வழியில் தாங்காது.

வர முடியாத அக்கா, தோழிகளுக்காக வீடியோ கால் போட்டால், வளையல் போடும் பத்து நிமிடத்துக்கு மட்டும் போடுங்கள். போனை ஸ்டாண்டில், பக்கவாட்டில், கை தெரியும்படி வைத்துவிட்டால் யாரும் குறுக்கே நின்று பிடிக்க வேண்டியதில்லை. போட்டோக்களை எங்கே போடுவது என்பதை அவளைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

அன்றைக்கே தாய்வீட்டுக்குக் கிளம்புவதாக இருந்தால், தாம்பூலப் பைகளுக்கு நடுவில் ஒரு பை தனியாக இருக்கட்டும். அதில் ஸ்கேன் அறிக்கைகள், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், சாப்பிடும் மாத்திரைகள், தாய் சேய் நல அட்டை. அந்த அட்டையில் பிக்மி எண், அதாவது தமிழ்நாடு அரசின் கர்ப்பிணிப் பதிவு எண், எழுதியிருக்கிறதா என்று பார்த்து, போனிலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேறு மாவட்டத்தில் பிரசவமானாலும் பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போது அந்த எண்ணைக் கேட்பார்கள்.